பூத்துக்குள் வந்த பிணம் சுடும் மிஷின்

அந்த விளையாட்டில் நாம் நடக்க வேண்டியதில்லை. எனக்கு அதில் முதலில் பிடித்தது அதுதான். கடைசி வரைக்கும் என்னைக் கடுப்பேற்றியதும் அதேதான்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மலைக்குப் போகிற ரோடு திரும்பும் இடத்தில் எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் கிடைத்தது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் வலது கால் சூம்பிப்போனது. அந்தக் காலுக்காக அரசாங்கம் எனக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம், ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் அந்தப் பூத்தைக் கொடுத்ததுதான். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, பில்லைத் துப்பும் சின்ன மிஷின், எனக்கு ஒரு உயரமான ஸ்டூல். ஊன்றுகட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தேனென்றால் ரோடு முழுக்க என் கண்ணுக்கு அடியில் இருக்கும். திருப்பதி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் தெலுங்கில் பேசுவார்கள், மெட்ராஸ் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் தமிழில் பேசுவார்கள். கதவை மூடிக்கொண்டு பேசினவர்கள் குறைவு. இந்த ஊர்க்காரர்களுக்கு ரகசியம் பேசுவதென்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இரண்டாயிரம் பிறந்த சில வருஷங்களில் ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்துவிட்டது. ஒரு நாள் பார்த்தேன், பூத்துக்கு வெளியே நிழலுக்கு ஒதுங்கி நின்று ஒருத்தர் செல்லில் பேசுகிறார். என் கடை நிழல் வேண்டும், என் போன் வேண்டாம். வயிறு எரிந்தது. அந்த வயிற்றெரிச்சலோடு இருந்தபோதுதான் அரக்கோணத்திலிருந்து காயின் போன் ரிப்பேர் செய்ய வருகிற மெக்கானிக் சொன்னார்.

"அக்கா, மெட்ராஸ்ல பொருட்காட்சி போடற ஒருத்தரு பழைய கேம் மிஷின் ஒண்ண தள்ளிவுடப் பாக்கறாரு. துப்பாக்கி கேம். நான் ஓட வெச்சுத் தரேன். இங்க சாமி பாக்க வர்ற கும்பல் சும்மாதானே பஸ்ஸுக்கு நின்னுகினு கீது?"

டெம்போவில் வந்து இறங்கியது. பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி, நடுவில் பெரிய டிவி, முன்னால் தடித்த வயரில் கட்டிய இரண்டு பிளாஸ்டிக் துப்பாக்கி, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மேலே பெயர் எழுதிய பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டிருந்தது. என்ன பெயர் என்று மெக்கானிக்குக்கும் தெரியவில்லை. காசைப் போட்டு ஓட்டிக் காட்டினார். செத்துப்போன ஆட்கள் எழுந்து கையை நீட்டிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வந்தார்கள். அன்றிலிருந்து அதற்கு "பொணம் சுடற மிஷின்" என்றே பெயர் நிலைத்தது.

விளையாட்டு இவ்வளவுதான். ஒரு பெரிய பங்களா. அதற்குள்ளே ஏதோ விபரீதம் நடந்து செத்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நாம் உள்ளே போக வேண்டும். போக வேண்டும் என்றால், நாம் போவதில்லை. விளையாட்டே நம்மைக் கூட்டிக்கொண்டு போகும். தண்டவாளத்தில் போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது போல, அது திரும்பினால் நாமும் திரும்புகிறோம், அது நின்றால் நாமும் நிற்கிறோம். நம் வேலை சுடுவது மட்டும். நடுவில் வெள்ளைக் கோட்டுப் போட்ட உயிருள்ள மனிதர்கள் "காப்பாத்துங்க" என்று ஓடி வருவார்கள், அவர்களைச் சுட்டுவிடக் கூடாது. தோட்டா தீர்ந்துபோனால் துப்பாக்கியைத் திரைக்கு வெளியே காட்டி ஒரு தடவை சுட வேண்டும், மறுபடி நிரம்பிவிடும்.

இதிலிருக்கும் பெரிய சௌகரியம், யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறு கேமெல்லாம் பார்த்திருக்கிறேன். இந்தப் பட்டனை அமுக்கினால் குதிக்கும், அந்தப் பட்டனை அமுக்கினால் குனியும், எல்லாம் கற்றுக்கொள்வதற்குள் போட்ட காசு போய்விடும். இதில் அப்படி இல்லை. மொட்டையடிக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு சித்தூர்க்காரம்மா, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே ஒற்றைக் கையால் முதல் கட்டத்தை முடித்துவிட்டுப் போனார். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிரைவர்கள் விளையாடினார்கள். பூணூல் போட்ட ஒரு பெரியவர், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார், பிறகு திரும்பிப் பார்க்கவே மறந்துவிட்டார். நடக்கத் தெரிய வேண்டாம், ஓடத் தெரிய வேண்டாம். அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றால் ஊரில் உள்ள எல்லோரும் எனக்குச் சமம். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை அப்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

குறையும் இல்லாமல் இல்லை. அதன் முதல் குறையைக் கண்டுபிடித்தவர் எதிரே பூ விற்கிற அம்மா. தோட்டா நிரப்புவதற்காகத் திரைக்கு வெளியே காட்டுகிறார்கள் அல்லவா, அந்த வெளியே என்பது நேராக அவர் பூக்கூடை.

"இன்னாமே இது, வர்றவன் போறவன்லாம் என் மூஞ்சிக்கு நேரா துப்பாக்கிய காட்டறான். காலைலேர்ந்து எத்தினி வாட்டி சாவறது நானு?"

மிஷினைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துச் சமாதானம் செய்தேன். அடுத்தது வெயில். மத்தியானம் ரோட்டு வெளிச்சம் திரையில் விழுந்தால் துப்பாக்கிக்குக் கண் தெரியாது, எங்கே சுட்டாலும் படாது. பழைய வாயில் புடவையை ரோட்டுப் பக்கம் மறைப்பாகக் கட்டினேன். அப்புறம் கரண்ட். கடைசி ராட்சசனிடம் போய்ச் சேரும் சமயம் பார்த்து மின்சாரம் போகும், காசு போட்டவர் என்னை முறைப்பார். மின்சார வாரியம் என் பாட்டன் சொத்து என்பது மாதிரி முறைப்பார்.

துப்பாக்கிக்குக் கண் போன கதை ஒன்று உண்டு. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நானே மிஷினுக்குப் பூஜை போட்டேன். ஆயுத பூஜை என்றால் ஆயுதத்துக்குப் போடாமல் வேறு எதற்குப் போடுவது? பெட்டிக்கு மாலை சாத்தி, இரண்டு துப்பாக்கிக்கும் வாய்க்கு வாய் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். மறுநாள் இரண்டும் சுடவில்லை. மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அக்கா, தொறந்திருக்கிற அந்த வாயிலதான் அதுக்குக் கண்ணு. நீங்க கண்ணுல சந்தனத்த பூசிட்டு பாருன்னா அது எப்படிப் பாக்கும்?"

நீலத்தைச் சுத்தம் செய்து சரியாக்கினார். சிவப்பு மட்டும் அதற்கப்புறம் ஒரு கை அகலத்துக்கு இடது பக்கமாகவே சுட்டது. அடிக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கம் பார்த்துச் சுட வேண்டும். அது எனக்குப் பழகிவிட்டது. வாடிக்கைக்காரர்களிடம் நீலத்தைக் கொடுத்துவிட்டுச் சிவப்பை நான் வைத்துக்கொண்டேன்.

இன்னொரு கஷ்டத்தை விளையாட்டைச் செய்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டாவது கட்டத்தில் ஒரு மாடிப்படி வரும். அதன் உச்சியில் ஒரு பிணம் திரும்பி நிற்கும். வழுக்கைத் தலை, அதில் மஞ்சளாக என்னவோ அப்பியிருக்கும். வேறு ஊரில் அது அழுகிய தலை. எங்கள் ஊரில் அது சரவணப் பொய்கையில் முழுகிவிட்டு, மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு வருகிற ஆள். சாமிக்கு முடி கொடுத்துவிட்டு வருகிறவரைச் சுடுவதா? எல்லோருக்கும் அந்த இடத்தில் கை ஒரு நொடி நின்றுவிடும். அந்த ஒரு நொடியில் அது திரும்பி ஒரே அறை அறைந்துவிடும். விளையாடினவர்களிலும் பாதிப் பேர் அப்போதுதான் மொட்டையடித்துக்கொண்டு வந்தவர்கள், தன் தலையைத் தானே தடவிப் பார்த்துக்கொள்வார்கள். நானே ஆரம்பத்தில் பலமுறை அங்கேதான் செத்தேன். பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் எது எங்கேயிருந்து வரும் என்பது ஊருக்கே மனப்பாடமாகிவிட்டது. அதுவும் அந்த விளையாட்டின் குறைதான். எத்தனை தடவை போனாலும் அதே ஜன்னல், அதே கை, அதே அலறல். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பின்னாலிருந்து "லெஃப்ட்ல வருது, லெஃப்ட்ல வருது" என்று கத்துவார்கள். பயம் போன பிறகு பிணங்கள் மேல் ஒரு பாசம்கூட வந்துவிட்டது. கதை என்ற ஒன்றும் நடுநடுவே இங்கிலீஷில் ஓடும். யாருக்கும் புரியாது, நான்தான் என் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்வேன். பங்களாவின் சொந்தக்காரர் தம்பிக்குப் பாகம் பிரித்துக் கொடுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவும் என்று ரொம்ப நாள் சொல்லி வந்தேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் எனக்கு உண்மையில் ஆத்திரம் வந்தது வேறொன்றில். முதல் கட்டத்தில் ஒரு சமையலறை வரும். அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம், மூடி லேசாக விலகி, ஆவி வந்துகொண்டிருக்கும். பிணம் நடமாடுகிற வீட்டில் யார் சமைக்கிறார்கள்? என்ன சமைக்கிறார்கள்? எட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் விளையாட்டு நம்மைத் திருப்பி நடைவழிக்குக் கொண்டுபோய்விடும். நின்று பார்க்க வழியில்லை, திரும்பிப்போக வழியில்லை. அது எங்கே நிறுத்துகிறதோ அங்கே நிற்க வேண்டும், அது எதைக் காட்டுகிறதோ அதைப் பார்க்க வேண்டும்.

எனக்கு அது புதிதில்லை. நான் அப்படித்தான் வளர்ந்தேன். என் அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவான், படி வந்தால் முதுகில் தூக்கிக்கொள்வான். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. என் கட்டையை எவனாவது ஒளித்துவைத்தால் அவன் பல்லை உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். நைனா வேலைக்குப் போன நேரமெல்லாம் எனக்கு அவன்தான் நைனா. ஆனால் சைக்கிள் அவன் போகிற வழியில்தான் போகும். வளையல் கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்றால் நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். தூக்கிக்கொண்டு போகிறவனிடம் நிறுத்து என்று சொல்ல வாய் வராது. அவ்வளவு பெரிய உதவி செய்கிறவனிடம் இதையும் கேட்பதா என்று இருக்கும். கடை பின்னால் போய்விடும்.

அந்த அண்ணன் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, கடன்பட்டு, சொந்தமாக ஒரு வீடு கட்டினான். கீழே ஒரு அறையை எனக்கென்றே கட்டினான். வாசலில் படி இல்லை, சரிவு. கக்கூஸில் உட்கார மேடை, பிடித்துக்கொள்ளச் சுவரில் குழாய். எல்லாவற்றையும் என் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்திருந்தான். ஆடிக் கிருத்திகைக்கு மொட்டையடிக்க வருகிறேன், திரும்பும்போது உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று போன் செய்தான்.

"அம்மா நைனா போனப்புறம் நீ அங்க தனியா இன்னா பண்ணிகினு இருக்கப் போற, பாப்பா? பூத்தும் ஓடல. அத திருப்பிக் குடுத்துடு. எடத்துக்காரர்கிட்ட நான் பேசிட்டேன்."

பூத் இருந்த இடத்தின் சொந்தக்காரரிடம் பேசிவிட்டான். என்னிடம் பேசுவதற்கு முன்னால்.

நான் "ஆங்" என்று மட்டும் சொன்னேன். பூத் ஓடவில்லை, மிஷின் ஓடுகிறது, எனக்கும் என் ஸ்டூலுக்கும் போதுமான அளவுக்கு ஓடுகிறது என்று சொல்லியிருக்கலாம். இந்த ரோட்டை விட்டுவிட்டு அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லியிருக்கலாம். பழைய வியாதி, வாய் வரவில்லை. அந்த அறையின் அளவுகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். அளவுகளெல்லாம் சரியாக இருந்தன, அதுதான் கஷ்டம். கிருத்திகை நெருங்க நெருங்கக் கடையைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கியது. ஒரு பையில் துணிகளைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

கிருத்திகை அன்று ரோடு தெரியவில்லை, மஞ்சள் துணியும் பூக்காவடியும்தான் தெரிந்தன. அரோகரா சத்தத்தில் என் போன் மணி எனக்கே கேட்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் அண்ணன் வந்தான். அண்ணியையும் குழந்தையையும் சத்திரத்தில் தூங்கவைத்துவிட்டு, புதிதாக அடித்த மொட்டையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்க, வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான். முதலில் பையைப் பார்த்தான், முகம் மலர்ந்தது. அப்புறம்தான் மிஷினைப் பார்த்தான்.

"இதுதான் அந்தப் பொணமா?"

"ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போலாம்ணா," என்றேன். எதையாவது சொல்லிக் கொஞ்ச நேரம் தள்ள வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான். புடவைத் திரையை இழுத்துவிட்டேன். அவனை நாற்காலியில் உட்காரவைத்து நீலத் துப்பாக்கியைக் கொடுத்தேன். தோட்டா நிரப்புகிற விதத்தைச் சொன்னேன். திரையில் இடது பாதி உனக்கு, வலது பாதி எனக்கு என்று பிரித்தும் கொடுத்தேன். இரண்டு பேராக ஆடுகிறவர்கள் அப்படித்தான் பிரித்துக்கொள்வார்கள்.

அவன் நன்றாகச் சுட்டான். கண் கூர்மை, கை வேகம். ஆனால் பிரித்துக் கொடுத்தது அவன் காதில் ஏறவேயில்லை. என் பக்கத்தில் ஒரு கை முளைத்தால் போதும், அவன் துப்பாக்கி பாய்ந்து வரும். நான் குறி வைப்பதற்குள் என் பிணம் விழுந்திருக்கும். அடுத்ததும் விழுந்திருக்கும். நான் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். சமையலறை வந்தது, அடுப்பும் பாத்திரமும் வந்தன, போயின.

"உன் பக்கத்த பாருண்ணா. என் பக்கத்த நான் பாத்துக்கறேன்."

"நீ சும்மா உக்காரு பாப்பா, நான் கீறேன் இல்ல?"

அவன் பக்கத்தில் ஒன்று வந்து அவனை அடித்தது. அவன் கவனிக்கவில்லை. என் பக்கத்தில் வந்ததைச் சுட்டுக்கொண்டிருந்தான். இன்னொன்று அடித்தது. அவன் உயிர் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது, என்னுடையது முழுசாக அப்படியே இருந்தது. இரண்டு பேர் சுட வேண்டியதை அவன் ஒருத்தனே சுட்டான், தோட்டா நிரப்ப நேரமில்லை. அப்படியே மாடிப்படிக்குப் போய்ச் சேர்ந்தோம். உச்சியில், அவன் பாதியில், மொட்டை திரும்பி நின்றது.

அண்ணன் கை நின்றுவிட்டது. இந்த ஊரில் பிறந்தவன்தானே, அதுவும் அன்றைக்குத்தான் முடி கொடுத்தவன். சந்தனத் தலை சந்தனத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு சுதாரித்து விசையை இழுத்தான், தோட்டா இல்லை. மொட்டை திரும்பி ஒரே அறை. அவன் பக்கம் திரை சிவந்து அணைந்தது.

நான் அதைச் சுட்டேன். கை அகலம் வலப்பக்கம் தள்ளிக் குறி பார்த்து, சரியாக நெற்றியில்.

திரை அவனைக் காசு போடச் சொல்லி ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கொண்டு வந்தது. என் டிராயர் நிறையக் காசு இருந்தது. ஒன்றை எடுத்துப் போட்டால் அவன் எழுந்துவிடுவான். என் கை டிராயர்ப் பக்கம் போகவில்லை. எண்ணிக்கை முடிந்தது. இனிமேல் இரண்டு பாதியும் எனக்கு.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டம் இன்னும் எனக்கு ஞாபகமிருக்கிறது. அண்ணன் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். ஆரம்பத்தில் "தோ, தோ, அங்க" என்றான், பிறகு அதையும் நிறுத்திவிட்டான். நடைவழியில் ஒரு வெள்ளைக் கோட்டுக்காரனைப் பிணம் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அவனைக் காப்பாற்றாவிட்டால் விளையாட்டு நேரே தோட்டத்துக்குப் போகும், காப்பாற்றினால் கிணற்றுப் பக்கமாகத் திரும்பும். அந்த விளையாட்டில் வழியை நாம் தீர்மானிக்கிற இடங்கள் ரொம்பக் குறைவு, அதுவும் சட்டென்று சுட்டால்தான் கிடைக்கும். நான் சுட்டேன். கிணற்றுப் பக்கம் திரும்பியது.

"இந்த வழி எப்படி வந்திச்சு?" என்று கேட்டான்.

"நான்தாண்ணா திருப்பினேன்."

கடைசி ராட்சசன் வரைக்கும் போனேன். ஜெயிக்கவில்லை. அவனை ஜெயிப்பது என்பது நீலத் துப்பாக்கிக்கே குதிரைக்கொம்பு. திரை இருண்டது. வெளியே காவடிக்காரர்களின் பம்பைச் சத்தம் போய்க்கொண்டிருந்தது.

"நான் சாவாம இருந்திருந்தா ரெண்டு பேருமா சேந்து முடிச்சிருக்கலாம் இல்ல?" என்றான் அண்ணன்.

"நீ உன் பக்கத்த பாத்திருந்தா நீ செத்தே இருக்க மாட்ட," என்றேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "எனக்கு வர இஷ்டமில்லண்ணா. அந்த ரூம் நல்லா இருக்கும், எனக்குத் தெரியும். நான் இங்கயே இருக்கேன். கடை ஓடுது. நான் ஓட்டுவேன்."

அவன் மொட்டைத் தலையைத் தடவினான். காய்ந்த சந்தனம் தோளில் உதிர்ந்தது. கோபப்படுவான் என்று நினைத்தேன். அழுதுவிடுவானோ என்றும் பயந்தேன். இரண்டும் இல்லை. மடியிலிருந்த துப்பாக்கியை எடுத்து மிஷினில் அதன் இடத்தில் வைத்தான்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல, பாப்பா?"

"நீ எப்பண்ணா கேட்ட?"

எழுந்து போய்ப் பூ விற்கிற அம்மாவிடம் இரண்டு முழம் மல்லி வாங்கிவந்து, ஒன்றை என்னிடம் கொடுத்தான், ஒன்றை அண்ணிக்கு என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். துணிப்பையை எடுத்து என் ஸ்டூலுக்கு அடியில் தள்ளினான். இடத்துக்காரரிடம் தானே போய்ச் சொல்லிவிட்டு, சாயங்கால ரயிலுக்கு அண்ணியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போனான். அவர்கள் போன பிறகு நான் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு அழுதேன். பெரும்பாதி சந்தோஷம்தான். மிச்சப் பாதி என்னவென்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

தைக் கிருத்திகைக்கு மறுபடி வந்தான். முடி நன்றாக வளர்ந்திருந்தது. கேட்காமலேயே நீலத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஸ்டூல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். இந்தத் தடவை தோட்டாவை ஒழுங்காக நிரப்பினான். படி உச்சியில் மொட்டையைக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுட்டான், ஆனால் சுட்டுவிட்டான். வெள்ளைக் கோட்டுக்காரனைச் சேர்ந்து காப்பாற்றினோம்.

கிணற்றுப் பக்கத்தில் என் பாதியில் ஒரே சமயத்தில் மூன்று முளைத்தன. இரண்டை விழவைத்தேன். மூன்றாவது நேரே என் மேல் வந்தது. ஓரக்கண்ணில் பார்த்தேன், நீலத் துப்பாக்கி சடாரென்று என் பக்கம் வந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாகத் தன் பக்கத்துக்குத் திரும்பிப் போனது.

பிணம் என்னை அடித்தது. என் உயிரில் ஒன்று போனது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.